அக்காவுக்குக் கொடுத்த ரொட்டி

அக்கா செத்துவிடுவாள் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினாறு. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஓர் அறைக் காம்பராவில் இருந்தோம். எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்திருந்தன. வயிறு உப்பியிருந்தது, கைகால்கள் மட்டும் குச்சி குச்சியாக இளைத்திருந்தன.

பல மாதமாக இப்படித்தான். வலி மாத்திரை போட்டால் இரண்டு நாள் குறையும், மறுபடி வரும். பக்கத்துக் காம்பரா அத்தை அம்மாவைத் தனியாக அழைத்து, "யாரோ செஞ்சு வச்சிருக்காங்க. புள்ள கண்ணுல உசிரே இல்ல" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ அல்ல, நான்தான். தீபாவளிச் சட்டைக்காகச் சண்டை போட்டபோது, "நீ செத்துப் போ" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தேன்.

பரிகாரத்தையும் நானே கண்டுபிடித்தேன். அக்கா தன் ரொட்டியைப் பாதிகூடத் தின்பதில்லை. அம்மா கொழுந்தெடுக்கப் போனதும், என் ரொட்டியைப் பிய்த்து அவளிடம் நீட்டுவேன். என் பங்கைக் கொடுத்தால்தானே பாவம் கழியும்? அவள் வேண்டாமென்று தலையாட்டுவாள். நான் அழுவேன். பிறகு மெல்ல மென்று விழுங்குவாள். ஒவ்வொரு வாய்க்கும் நான் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளோ இன்னும் மெலிந்து, ஒருநாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "கோதுமை இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்காதும்மா. அது உள்ள போனா உடம்பே தன் குடலைப் புண்ணாக்குது. அந்த அழற்சி ஆறாம இருந்துதான் மூட்டு வரைக்கும் வந்திருக்கு. இனிமே ரொட்டி, பாண், கோதுமை மாவுல செஞ்ச எதுவும் கூடாது. சோறு குடுங்க."

"நாங்க பொறந்ததுலருந்து ரொட்டிதானேங்க திங்கிறோம்" என்றாள் அம்மா, நம்ப முடியாமல்.

சாபம் கொடுத்தது போதாதென்று நஞ்சையும் நானே ஊட்டியிருக்கிறேன்.

சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஒரு மாலை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதேன். அவள் சிரித்தாள்.

"ரொட்டி தின்னாதான் வலிக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும்டி."

"பின்ன ஏன் தின்ன?"

"நீ அப்படிப் பயந்துபோய் நிக்கிறப்ப எப்புடி வேணாங்கிறது?"

இவ்வளவு முட்டாளா என் அக்கா என்று, அன்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.