அப்பா சொல்லாத பெயர்

சவர்க்கார மணம்...

ஈரக் கையில் சவர்க்காரம் நுரைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். தொண்ணூறு தாண்டிய கிழவிக்குச் சவர்க்காரத்துக்குப் பயமா என்று சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று எங்கள் ஒழுங்கையில் பாதிக் குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறிவிட்டன. அப்பாவுக்குக் கொழும்புக் கோட்டையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் கந்தோர் வேலை, ஆபீஸ் என்பீர்களே, அது. காலையில் அவர் குடையோடு இறங்கினால், பின்னேரம் கேற் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அம்மாவின் கையில் தங்கக் காப்பாக இருந்தது.

"காசா வச்சிருந்தா நான் செலவழிச்சுப் போடுவன். உம்மட கையிலயே கிடக்கட்டும்" என்பார் அப்பா.

கிருலப்பனையில் ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் காப்புகள்... வேறு ஒரு சதம் எங்களிடம் இல்லை.

ஒரு மத்தியானம் கேற்றடியில் ஒருத்தன் வந்து நின்றான். சேர்ட் எல்லாம் வியர்வை. மூச்சு வாங்கினான்.

"அக்கா, நான் ஐயாவின்ர கந்தோரில இருந்து ஓடி வாறன். ஹாபரடியில லொறி ஒண்டு ஐயாவை அடிச்சுப் போட்டுது. பொரளைப் பக்கம் ஆஸ்பத்திரியில கிடக்கிறார். பெரிய டொக்டரைக் கூப்பிட உடன சல்லி வேணும்."

அப்பாவின் பெயரைச் சொன்னான். கந்தோரைச் சொன்னான். கறுப்புக் குடையைக்கூடச் சொன்னான். யார்தான் நம்ப மாட்டார்கள்?

"ஐயோ, காசில்லையே தம்பி..." என்ற அம்மாவின் கண் கைக்குப் போனது.

நான் பிறந்த பிறகு அம்மாவுக்குக் கை பருத்துவிட்டது. காப்பு கழலாது. குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து சவர்க்காரத்தைப் போட்டு இழுத்தார். நான் செம்பால் தண்ணீர் ஊற்றினேன். தோல் உரிந்தது. முதல் காப்பு விரல் மொளி வரைக்கும் வந்துவிட்டது.

விறாந்தையில் இருந்து அவன் கத்தினான்: "கெதியா அக்கா! ரத்தம் போய்க்கொண்டிருக்கு. 'மகேசுவிட்ட ஓடு, மகேசுவிட்டச் சொல்லிக் காப்பை வாங்கிக்கொண்டு வா' எண்டு ஐயா அழுதவர்!"

அம்மாவின் கை அப்படியே நின்றது.

அப்பா ஒருநாளும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாரும்..." அவ்வளவுதான், "இங்கே பாரும்" என்கிற மாதிரி. மற்றவர்களோடு கதைத்தால் "பிள்ளையின்ர தாய்". அந்தக் காலத்து மனுசர் அப்படித்தான். மகேஸ்வரி என்ற பெயர் அப்பாவின் வாயில் இருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அம்மா என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லுறான் பிள்ளை..." என்று குசுகுசுத்தார். பிறகு முகம் வெளிறிப் போனது. "ஆனா... உயிர் போற நேரமெண்டா பேர் சொல்லுவரோ?"

காப்பை உள்ளே தள்ளினார். "நில்லும் தம்பி, சீலை மாத்திக்கொண்டு நானும் வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தால் ஓடினார்.

காலி வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் மருந்துக் கடையில் டெலிபோன் இருந்தது. வெறுங்காலோடு ஓடும்போது அம்மா கும்பிட்டது இன்னும் காதில் கேட்கிறது.

"முருகா, அவன் கள்ளனா இருக்க வேணும். கள்ளனா இருக்க வேணும்..."

நானா பயந்துபோனார். "என்ன நடந்த தங்கச்சி? ஒக்காருங்க!" அவர்தான் கந்தோருக்கு எடுத்துக் கொடுத்தார். அம்மா அதற்குமுன் டெலிபோனைத் தொட்டதே இல்லை. தலைகீழாகப் பிடித்தார். நானா திருப்பிக் கொடுத்தார்.

அங்கே எடுத்தவர், ஆள் மேசையில் இல்லை, பார்த்து வருகிறேன் என்றாராம்.

மேசையில் இல்லையாம்! அந்தக் கொஞ்ச நேரம்... அம்மா கடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு டெலிபோனுக்குள் இருந்து மெல்லிய சத்தம். எனக்கும் கேட்டது.

"இஞ்சாரும்... என்ன? பிள்ளைக்கு ஏதுமோ?"

அம்மா அப்படியே நிலத்தில் குந்தி, வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் இல்லை. கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியையும் கொண்டு போய்விட்டான், அறுவான்! அம்மாவின் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தோம். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் "மகேசு, மகேசு" என்று கூப்பிடுவது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். நின்று காது கொடுத்தால் போதும்.

அன்றைக்கு அப்பா கேட்டார்: "பேரைச் சொன்னதாலயோ நம்பேல்லை?"

"ஓம். நீங்கள்தான் சொல்லமாட்டியளே."

"அப்ப இனியும் சொல்லமாட்டன்."

சாகும்வரை சொல்லவில்லை. காணி மட்டும் வாங்கினார்.

போன மாதம் எனக்கும் ஒரு கோல் வந்தது. என் முழுப் பெயரும் சரி, மகனின் பெயரும் சரி. மகன் அக்சிடென்ட் பட்டுவிட்டானாம், உடனே காசு போட வேண்டுமாம். "வையும் ஃபோனை" என்று வெட்டிவிட்டு, நானே மகனுக்கு எடுத்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா பழக்கிவிட்ட பழக்கம் காப்பாற்றியது.

ஆனால் இப்போது கள்ளர் கம்ப்யூட்டரில் ஆட்களின் குரலையே செய்து பேசுகிறார்களாம். பேரன் சொன்னதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

என் மனுசனும் அப்பா மாதிரித்தான். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. அவர் போய்ப் பத்து வருசத்துக்கு மேல். அவரின் எண்பதாவது பிறந்தநாள் வீடியோ இங்கேதான், இந்த ஃபேஸ்புக்கில்தான் கிடக்கிறது. கேக்கை வெட்டிவிட்டு "இஞ்சாரும்" என்று என்னைக் கூப்பிடுவார். நீங்களும் பார்த்து லைக் போட்டிருக்கிறீர்கள்.

பெயர் சொல்லிக் கேட்கிற எவனுக்கும் நான் ஒரு சதம் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குரலில் ஒருநாள் ஒரு கோல் வந்து, "இஞ்சாரும்..." என்று கேட்டால்...

கள்ளன் என்று தெரிந்தும், வெட்ட மனம் வராதே பிள்ளைகளே. அதுதான் பயமாக இருக்கிறது.