காணாமல்போனவருக்கு நான் போட்ட கடிதம்

பாழடைந்து கிடக்கும் வீடுகளை வாங்கித் திருத்தி விற்பதுதான் என் தொழில். காணிப் பதிவகத்தில் உரிமையாளரின் பெயரை எடுத்து, தரகர்களுக்கு முந்திக் கடிதம் போட்டுவிடுவேன். தெரிந்தவர் எழுதியதுபோல இருந்தால்தான் பிரிப்பார்கள் என்று உறையில் பெயரைக் கையாலேயே எழுதுவேன். அந்த யோசனையில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அச்சுவேலிப் பக்கம் கூரையில்லாத ஒரு வீட்டுக்கும் அப்படி எழுதினேன். சில நாளில், உறையின் பின்னால் இருந்த என் விலாசத்தைத் தேடி, ஓர் அம்மா யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இது என்ரை மகன்ரை பேருக்கு வந்தது. தபால்காரர் என்னட்டைக் கொண்டுவந்து தந்தவர். நான் உடைக்கேல்லை. அவன் சண்டைக்குள்ளை காணாமல்போனவன். நீங்கள் அவனை எங்கை கண்டனீங்கள்?”

“காணேல்லை அம்மா. காணிப் பதிவிலை பேரைப் பார்த்துத்தான் எழுதினனான். வீட்டை விப்பீங்களோ எண்டு கேக்க.”

கடிதத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

“இருக்கட்டும் தம்பி. அவனுக்கு வந்ததெல்லே” என்று அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அயலில் விசாரிக்காமல் நான் யாருக்கும் எழுதுவதில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் வந்த நேரம் முழுவதும் அந்த அம்மாவுக்கு மகன் உயிரோடு இருந்திருப்பார். திரும்பிப் போகையில் அப்படி இல்லாமல் செய்தது நான்தான்.