டொமஸ்டிக் என்றால் யார் வீடு

காலை பத்து ஐம்பது. ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை எதிர் வீட்டு வாசலில் வரிசையாகப் போட்டிருந்த நான்கு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகில் வாடகைக் கடையின் பெயர் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பூப்போட்ட துணி, துணியின் மேல் மூடி திறக்காத இரண்டு தண்ணீர் பாட்டில்கள். எதிர் வீட்டுக்காரர் தேய்த்த சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றிருந்தார். பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். அப்படி அவரிடம் சொல்லியிருந்தவன் நான்.

எங்கள் தெரு புதுவாயல் கூட்டுச்சாலையிலிருந்து ஐந்து நிமிட நடை. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக பிரஸ் ஆப்பரேட்டர், தகட்டை அழுத்தி வெட்டும் மிஷினில் வேலை. நான் சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வாரம் ஒரு பத்தி எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படி அர்த்தம் மாறின என்பதுதான் விஷயம். தெருவில் அதைத் தவறாமல் படிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய மனைவி.

ஒரு நாள் இரண்டாம் ஷிப்டில் அவர் மிஷினின் பாதுகாப்புக் கூண்டைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். கூண்டு இருந்தால் கை உள்ளே போகாது, ஆனால் வேகம் குறையும். அவர் மிஷினை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசருடன் வார்த்தை தடித்தது. மறுநாள் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சஸ்பெண்டுன்னா நெஜமா இன்னா சார் அர்த்தம்? நீங்கதான் பேப்பர்ல எழுதறீங்களே."

லத்தீனில் அதற்குத் தொங்கவிடுவது என்று பொருள் என்றேன்.

"கரெக்டா வெச்சிருக்கான் சார் பேரு. பதினாலு வருசம் ஒழைச்சவனைத் தொங்க வுட்டுட்டு, சம்பளத்தைப் பாதியாக்கிட்டானுங்க." சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரப் பத்தியில் அந்தச் சொல்லை எழுதினேன். அவர் சொன்னதையும் ஒரு தொழிலாளி சொன்னதாகச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. அவரும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். கடிதம் ஆறு வரி. குற்றச்சாட்டு குறித்து ஒரு 'டொமஸ்டிக் என்கொயரி' நடக்கும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. இடம், 'தி பிரிமிசஸ்'.

"இது கம்பெனிலதானே சார்? கேட்டுக்குப் போயி நின்னா உள்ள கூப்புடுவாங்க. பக்கத்து மிஷின் ஆளு எனக்கு சாட்சி சொல்றேன்னு இருக்கான், அவனையும் இட்டுக்கினு போலாம்னு பாக்கறேன்" என்றார் அவர்.

அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. டொமஸ்டிக் என்பது வீடு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று ஆரம்பித்தேன். அவர் மனைவி உடனே பிடித்துக்கொண்டார். "ஆமா சார், கேஸ் புக்ல டொமஸ்டிக்குன்னுதானே போட்டிருக்குது. ஊட்டு சிலிண்டரு. டீக்கடை சிலிண்டரு வேற." கரண்ட் பில்லிலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். இரண்டு சாட்சி கிடைத்த தைரியத்தில் பிரிமிசஸுக்குப் போனேன். அந்தச் சொல்லுக்குக் கட்டடம் என்ற அர்த்தம் பின்னால் ஒட்டிக்கொண்டது. பழைய பத்திரங்களில் அது 'மேலே சொல்லப்பட்டது' என்றுதான் பொருள்பட்டது. நம் பத்திர எழுத்தர்கள் போடுகிற 'மேற்படி' தான் அது. அப்படியானால் மேற்படி இடம் எது? கடிதத்தில் தட்டச்சு செய்திருந்த ஒரே முகவரி, பெறுநர் என்ற இடத்தில் இருந்த அவர் வீட்டு முகவரி. தாளின் தலையில் கம்பெனி முகவரியும் அச்சாகியிருந்தது. அது எல்லாக் கடிதத்திலும் இருப்பது என்று ஒதுக்கிவிட்டேன்.

"அப்போ நம்ம ஊட்டுக்கா வருவாங்க?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "மேனேஜருங்க எதுக்கு சார் நம்ம தெருவுக்கு வர்றாங்க?"

"கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன். செய்தி மேசையில் இளம் நிருபர்களிடம் பேசுகிற குரலில் சொன்னேன்.

"எத்தினி பேரு வருவாங்க சார்? டீ குடுக்கலாமா, இல்ல லஞ்சம் குடுத்தேன்னு அதையும் எழுதிடுவாங்களா?" என்று அவர் மனைவி கேட்டார். தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்று ஆலோசனை சொன்னேன்.

வியாழக்கிழமை பதினொன்றேகால் ஆனது. பதினொன்றரை ஆனது. சாட்சி சொல்ல வந்திருந்த பக்கத்து மிஷின் ஆள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். பன்னிரண்டு மணிக்கு எதிர் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்தபடி தெருவில் இரண்டு முறை நடந்தார். பிறகு என் வாசலுக்கு வந்தார். செருப்பு ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"சார், கேட்டுல செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன். உள்ள நடந்து முடிஞ்சிட்ச்சாம். டொமஸ்டிக்குன்னா நம்ம ஊடு இல்லியாம் சார். அவங்க ஊடாம்."

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன். அவர் உள்ளே வரவில்லை.

"எக்ஸ்பார்ட்டின்னு எழுதிக்கினாங்களாம். இன்னா பார்ட்டி சார் அது?"

அதற்கு மட்டும் சரியாக அர்த்தம் சொன்னேன். ஒரு தரப்பு இல்லாமல் மறு தரப்பை வைத்து நடத்துவது.

விமான நிலையத்தில் டொமஸ்டிக் டெர்மினல் என்று போட்டிருக்கிறது. அங்கே யாருக்கும் வீடு கிடையாது. நாட்டுக்குள்ளே என்று அர்த்தம். கம்பெனிக்குள்ளேயே நடத்தும் விசாரணைக்கும் அதே சொல். விமான நிலைய உதாரணத்தை இரண்டு வருடம் முன்பு என் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். சாயங்காலம் பழைய கோப்பைப் புரட்டி அந்தப் பத்தியைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

இதுவரை நடந்தது பிழை. பத்திரிகையில் இருந்தவனுக்குப் பிழை புதிதல்ல. மறுநாள் திருத்தம் போடுவோம். அன்று இரவு ஏழு மணிக்கு எனக்குத் திருத்தம் போடும் வாய்ப்பு வந்தது.

எதிர் வீட்டுக்காரரும் மனைவியும் வந்தார்கள். வேறு கம்பெனியில் தொழிற்சங்க வேலை பார்க்கிற ஒருவர் அவருக்கு வழி சொல்லியிருந்தார். ஏன் வரவில்லை என்று நாளைக்கே எழுதிக் கொடு, யார் தப்பாகச் சொன்னார்களோ அவர் பேரையும் போட்டு அவரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்துக்கொடு, நியாயமான காரணம் என்றால் மறுபடி தேதி கொடுப்பார்கள் என்று. இதைச் சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்காரர் என் மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். என் பேரை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை.

"இன்னா எழுதலாம் சார்? நீங்களே சொல்லுங்க."

பேனாவை எடுத்தேன். ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் சொல்கிற பத்தியாளர் 'டொமஸ்டிக்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு தொழிலாளியை வீட்டில் உட்காரவைத்தார் என்று ஒரு கம்பெனிக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை யார் படிப்பார்கள்? ஒரு மனிதவள அதிகாரி, ஒரு வக்கீல். அவ்வளவுதான். அந்த இரண்டு பேர் சிரிப்பதை நினைத்தேன். உடல்நலக் குறைவால் வர இயலவில்லை என்று எழுதினேன். ஆங்கிலத்தில், பிழையில்லாமல், நான்கு வரி.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'ஃபீவர்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஜுரம்னு போட்டிருக்கீங்க."

"இப்படி எழுதுவதுதான் வழக்கம்."

என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்டார். "சார் பேரு எதுக்கு இதுல, வுடுங்க" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தாளை மடித்தார்.

கம்பெனி மருத்துவச் சான்று கேட்டது. அவரிடம் இல்லை. அதோடு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் கூட்டுச்சாலையில் வாடகை நாற்காலிகளை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்ததைக் கம்பெனி பஸ்ஸிலிருந்து சூப்பர்வைசர் பார்த்திருக்கிறார். ஜுரக்காரன் நாற்காலி தூக்குவானா என்று கேட்டிருக்கிறார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். குற்றம்சாட்டும் குரல் இல்லை. காய்கறிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில். "ஊட்ல விசேசம் சார்னு சொல்லிட்டு வந்துட்டாராம்."

டிஸ்மிஸ் ஆர்டர் பதிவுத் தபாலில் வந்தது. அதைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வாசல் படியில் உட்கார்ந்து உரக்கப் படித்தது என் வீடு வரை கேட்டது. கூண்டைக் கழற்றச் சொன்னது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பத்தியில் பொய்யான காரணம் காட்டி விசாரணையைத் தவிர்த்தார் என்று இருந்தது. 'இவேட்' என்ற சொல்லில் அந்தப் பெண் தடுக்கி, "இதுக்கு இன்னாப்பா அர்த்தம்?" என்றாள்.

"தெரிலம்மா. மேல படி."

வள்ளூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்கு ஆள் ஏற்றும் வேன் காலை ஐந்து நாற்பதுக்குப் புதுவாயலுக்கு வருகிறது. அவர் அதில் போகிறார்.