தண்ணீரைச் சந்தேகித்த ஜெயகரன்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊரிகம் லைன் வீடுகளில் ஜெயகரனைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தொரு வருஷம் சுரங்க மில்லில் தங்கக் கல் அரைத்து ஓய்வு பெற்றவர். தன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சாதிப்பதில் அதைவிட நீண்ட அனுபவம் உண்டு. 1998 மாசியில் டாக்டர் நேத்ரா அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னபோதும் அந்த நம்பிக்கை அசையவில்லை.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாதும்மா. எல்லாம் தங்கம் எடுத்துட்டுக் கொட்டி வச்சிக்கிற அந்த சயனைட் மேட்டு மண்ணு பண்ற வேலை. காத்தடிச்சா சோத்துல விழுது. அதுக்கு அடியில இக்கிற தண்ணியத்தான் போர்ல அடிச்சிக் குடிச்சிகினு இக்கிறோம்."

கூட வந்திருந்த மனைவி ஐடா, "மண்ணு மட்டுமா விழுது? தினம் நாலு ஜிலேபியும் விழுது டாக்டரம்மா" என்றாள்.

டாக்டர் சிரித்தாலும் ஜெயகரன் பேச்சைத் தள்ளிவிடவில்லை. "அந்த மாதிரி மண்ணுல ஆர்சனிக் விஷம் இருக்கலாம். அது கலந்த தண்ணிய ரொம்ப வருஷம் குடிச்சவங்களுக்குச் சர்க்கரை அதிகமா வருதுன்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி இருக்கு சார். உடம்பு சர்க்கரைய செலவழிக்கிற விதத்தையே அது கெடுக்கலாமாம். ஆனா உங்க லைன் தண்ணிய யாரும் சோதிச்சுப் பாக்கல."

யாரும் பார்க்கவில்லையா? மறுநாள் காலையே ஜெயகரன் ஒரு நோட்டோடு கிளம்பிவிட்டார். யாருக்குச் சர்க்கரை, வயசு என்ன, குடிப்பது போர் தண்ணீரா பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரா என்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்விகள். அறுபத்திரண்டு வீடுகளை முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது.

அடுத்த சோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. ஐடாவுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாங்க, போன வீட்ல எல்லாம் டீ குடிச்சீங்களா?"

"அரை கிளாஸ்தான்."

"சர்க்கரை போட்டா?"

"ஆசையா குடுக்கிறாங்க. சர்வே எடுக்கப் போன எடத்துல அதெல்லாம் சொல்ல முடியுமா?"

சொன்ன பிறகுதான் தன் பேச்சு அவருக்கே காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் அதற்குள் நோட்டைப் புரட்டத் தொடங்கியிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. போர் தண்ணீர் குடிக்கும் வீடுகளில்தான் சர்க்கரைக்காரர்கள் அதிகம்.

"அந்த வீடுகள்ல வயசானவங்களும் அதிகம் சார். இதை வச்சு முடிவு சொல்லக் கூடாது. ஆனா தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேக்க இது போதும்" என்று சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. ஆர்சனிக் அளவுக்கு மேல் இருந்ததால் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை. போர் பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார் ஜெயகரன்.

"அப்ப எனக்கு இதனாலதான வந்துச்சி?"

"இதுவும் இருக்கலாம், ஜிலேபியும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது சார்."

பாதி ஜெயித்த முகத்தோடு வீடு திரும்பினார். அங்கே பக்கத்து வீட்டுக் குணசுந்தரி காலிக் குடத்தோடு காத்திருந்தாள். "உங்க நோட்டால இனிமே குழாய்க்கு ரெண்டு பர்லாங் நடக்கணும். முட்டி வலியோட நான் எப்டிண்ணா போறது?"

ஜெயகரன் குடத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து அவள் குடமும் தன் வீட்டுக் குடமுமாகத் தினம் நாலு நடை. டீயில் சர்க்கரையை ஐடா நிறுத்திவிட்டாள். ஆறு மாதத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது.

அடுத்த வருஷம் லைன் முனையிலேயே குழாய் போட்டார்கள். ஜெயகரன் மட்டும் தூரத்துக் குழாய்க்கே போய்வந்தார். கேட்டால், இங்கே கூட்டம் அதிகம் என்பார்.