மாதிரித் தோட்டம் கொடுத்த லீவு

கொழும்பில் நான் வேலை பார்த்த நிறுவனம், தேயிலைத் தோட்டங்களை நிர்வகிக்க ஒரு மென்பொருள் செய்திருந்தது. அதைச் செய்தவர்களில் தேயிலைச் செடியை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டெமோ காட்ட வேண்டும் என்று வந்தபோது, விற்பனைப் பிரிவின் தலைவர் என் மேசைக்கு வந்தார். "நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே? குளிர் பழக்கம்தானே?" என்றார். என் தகுதி அத்தோடு முடிவானது. அது என் அக்கா கொழுந்தெடுக்கும் தோட்டம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளையும் ஒரு ஸ்லைடில் போட்டிருப்பார்.

அங்கே பனி இறங்கினால் இணையம் படுத்துவிடும். ஆகவே சேர்வர் கணினியையே வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில், சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, நான் அமைக்கத் தொடங்கினேன். ஒரே பெட்டிதான். ஆனால் அதற்குள் தோட்ட அலுவலகம், தொழிற்சாலை, கொழும்புத் தலைமையகம் என்று மூன்று கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். ஒரே கூரையின் கீழ் தடுப்புச் சுவர் வைத்துப் பல குடும்பங்கள். லயத்தில் ஒரு வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். கணினியில் அந்தத் தும்மல் வரக்கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டியின் நினைவகத்தை மூன்றுக்கும் பங்கு போட்டபோது தலைவர் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"தலைமையகத்துக்கு நிறையக் குடுங்க."

"அது படம் காட்டுறது மட்டும்தான் சேர். வேலையெல்லாம் தொழிற்சாலைதான் செய்யுது."

"பரவாயில்ல, தலைமையகம் வேகமா இருக்கணும்."

கொடுத்தேன். தொழிற்சாலை மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. அசல் தோட்டத்திலும் அப்படித்தான் என்பதால் மாதிரி கச்சிதமாக வந்துவிட்டதென்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டெமோவுக்காகத் தோட்டமே தன் தொழிலாளர்களின் விவரங்களைக் கொடுத்திருந்தது. பெயரும் போன் இலக்கமும் அதில் உண்டு. இலக்கங்களையாவது மாற்றிவிடலாம் என்றேன். "உண்மையான விவரத்தப் பாத்தாத்தான் துரைக்கு ஒரு ஒட்டுதல் வரும்" என்றார் தலைவர். சரி, உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கட்டும் என்று, மூன்று கணினிகளும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும்படி வலையமைப்பை மூடிவைத்தேன்.

துரை வருவதற்குச் சற்று முன்னால் தலைவர் திரையின் ஒரு மூலையைக் காட்டினார்.

"இதில என்ன, வெறுமையா இருக்கு?"

"வானிலை சேர். இணையம் இருந்தாத்தான் வரும்."

"அப்ப இணையத்தக் குடுங்க."

"வெளியில மழை பெய்யுது சேர். ஜன்னல்லயே தெரியுதே."

"திரையில தெரியணும் தம்பி."

வழியைத் திறந்தால் வானிலை உள்ளே வரும், உள்ளே இருப்பதும் வெளியே போகும் என்று சொல்லிப்பார்த்தேன். குறுஞ்செய்தி அனுப்பும் எங்கள் கணக்கும் அதே பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறது, அதை நிறுத்த அரை மணி நேரம் தாருங்கள் என்றேன். அதற்குள் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. "இப்பவே திறங்க. பொறுப்பு என்னுது" என்றார். பங்களாவின் இணையக் கம்பியைப் பெட்டியில் செருகி, வழியைத் திறந்தேன். திரையில் ஒரு சின்ன மேகமும் நாலு துளியும் வந்தன. தலைவரின் முகம் மலர்ந்தது.

டெமோ அருமையாக நடந்தது. எங்கள் மாதிரித் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வராது, அட்டை கடிக்காது, கொழுந்து குறையாது. துரை தன் அசல் தோட்டத்தை ஒருநாளும் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார். தொழிலாளர்களுக்குச் செய்தி அனுப்ப முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மனிதாபிமான அம்சமும் இருக்கு சேர்" என்று தலைவர் குழைந்து, தயாராக வைத்திருந்த செய்திகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். *நாளை முழுச் சம்பளத்துடன் விடுமுறை.* நான் வாயைத் திறப்பதற்குள் அழுத்திவிட்டார். பச்சை நிறத்தில் சரி அடையாளங்கள் வரிசையாக விழுந்தன. துரை தலையசைத்துச் சிரித்தார்.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. வராந்தாவுக்கு ஓடி எடுத்தேன்.

"டேய், நாளைக்கி லீவாமே? சம்பளத்தோடவாம். மெய்தானா?"

"யாரு சொன்னா அக்கா?"

"போன்ல வந்துருக்குடா. எல்லாருக்கும் வந்துருக்கு. மலையில எல்லாரும் கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கிறாங்க. கணக்கப்புள்ளைக்கும் வந்துருக்கு போல, அவரும் சிரிக்கிறாரு."

அவள் பேசி முடிக்கும் முன்பே எதிர்மலையிலிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. உள்ளே ஓடி வலைக்கம்பியைப் பிடுங்கினேன். விஷயத்தைச் சொன்னேன். பயத்தைவிடச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"திருப்பி எடுக்க ஏலாதா?" என்றார் தலைவர்.

"ஏலாது சேர். அந்த அம்சத்தை நாம செய்யல."

துரை, மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையைப் போனில் பிடித்து, செய்தி பொய் என்று சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் குடையோடு வந்து பங்களா வாசற்படியில் நின்றார். போனைப் பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்.

"அது மெசின் பிழை" என்றார் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில்.

"கொழுந்து நெறுக்குற மெசினுல எட கொறையுதுன்னு நாங்க வந்து சொன்னப்ப, மெசின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க தொர. இன்னைக்கி மட்டும் பொய் சொல்லுதுங்களா?"

துரை எங்கள் தலைவரைப் பார்த்தார். எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார். நான் திரையில் இன்னும் பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தேன். லீவு உறுதியானது.

மறுநாள் காலையில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆளில்லை. பதிலாகச் சந்தியில் ஒலிபெருக்கி கட்டி, சங்கத்தின் இடைவிடாத போராட்டத்தால் வென்றெடுத்த விடுமுறை என்று அறிவித்தார்கள். பட்டாசு வெடித்தது. பங்களாவில் எங்கள் தலைவர் கொழும்புக்குப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மென்பொருள் ஒரு தோட்டத்தின் மொத்தத் தொழிலாளர்களையும் நொடியில் சென்றடைந்ததாம், அவர்களிடமிருந்து உடனடியாக உற்சாகமான பதிலும் வந்ததாம். இரண்டு தலைவர்களும் ஒரே வெற்றியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். துரை மென்பொருளை வாங்கச் சம்மதித்தார். லீவுச் செய்தியை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

வேன் புறப்படுவதற்கு முன் அக்காவின் லயத்துக்குப் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். வாரநாளில், பகலில், அவளை வீட்டில் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒனக்கு வேல போயிருமாடா?"

"போகாதுக்கா. அந்தச் செய்திய அனுப்புன எங்க தலைவருக்குப் பதவி ஒசத்திக் குடுப்பாங்க."

சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. நான் அதை விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த மாதமே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பதவியில் அவர் எங்களுக்கு நடத்திய முதல் வகுப்பு, வலையமைப்புப் பாதுகாப்பைப் பற்றியது. முன்வரிசையில் என்னை உட்காரச் சொன்னார்.