கெசியா போட்ட கணக்கு

"எத்தன பேருக்கு? எத்தன நாளைக்கு?"

யார் எந்தக் கோரிக்கையோடு வந்தாலும் கெசியா தலை நிமிராமல் கேட்பது இதைத்தான். பேட்டை நூற்பாலையில் பதினெட்டு வருடமாக நூலைக் கோனில் சுற்றும் வேலை, தொழிற்சங்கத்துக்குப் பொருளாளர். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் சம்பள ஒப்பந்தத்தில், சங்கம் கேட்பதற்கும் நிர்வாகம் தருவதற்கும் விலை போட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பு. பஞ்சப்படிக்கு மட்டுமல்ல, கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்துக்கும் அவரிடம் ஒரு தொகை உண்டு.

பென்சில் கொண்டையில்தான் இருக்கும். ஞாயிறு ஆராதனையில் போதகர் பிரசங்கத்தை நீட்டினால், "எரநூறு பேரு, ஆளுக்குக் கால் மணி. அம்பது மணி நேரம் போச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பார்.

சங்கச் செயலாளர் ஐயம்பெருமாளுக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த முறை ஆளுக்கு மாதம் மூவாயிரம் கூட்டிக் கேட்க வேண்டும் என்றார் அவர். "மில்லு தாங்காது அண்ணாச்சி, ஆயிரத்து நானூறு கேப்போம்" என்றார் கெசியா.

"நீ எந்தப் பக்கம்மா? நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்குதியோ?"

"நம்ம பக்கந்தான். அதனாலதான் பொய்க்கணக்கு போடமாட்டேங்கேன்."

இரண்டு வாரம் ஐயம்பெருமாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ஆயிரத்து ஐந்நூறு தருவதாகச் சொன்னது. ஐயம்பெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"கேட்டதுக்கு மேல ஏன் தாராங்க? செத்த பொறுங்க அண்ணாச்சி."

வரைவை எடுத்துக்கொண்டு வெளியே போன கெசியா, கால் மணி நேரம் கழித்து அவரை வராந்தாவுக்கு அழைத்தார். ஒன்பதாவது ஷரத்தில், ஒருவர் நான்கு இயந்திரம் பார்ப்பது இனி ஆறாகும் என்று ஒரே ஒரு வரி இருந்தது.

"நூற்புல நூத்தெம்பது பேரு. ஆளுக்கு ஆறுன்னா நூத்திருபது பேரு போதும். அறுவது பேரு வெளிய. மாசம் ஒம்பது லட்சம் அவங்களுக்கு மிச்சம். மில்லுல மிஞ்சுத எரநூத்தி நாப்பது பேருக்கும் கூட்டிக் குடுத்தா மூணு லட்சத்து அறுவதாயிரம். அவங்க கையில இருந்து ஒண்ணும் தரல அண்ணாச்சி. அறுவது பேரு சோத்த எடுத்து நமக்குப் பங்கு வைக்காங்க."

கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே போக வேண்டியிருக்கும்; அந்த அறுபது பேரின் பெயரையும் எழுதியிருந்தார். நான்காவது பெயர் முத்துராணி. புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே ஐயம்பெருமாள்தான்.  கெசியா தடுக்காமல் இருந்திருந்தால் கால் மணி நேரத்துக்கு முன்பே அவர் கையெழுத்து அந்த வரைவில் விழுந்திருக்கும்.

பிறகு ஆறு வாரம் இழுத்தது. நான்கு இயந்திரம் நான்காகவே இருக்கட்டும் என்பதோடு, நூற்புப் பிரிவுக்குப் பத்து நிமிடத் தேநீர் இடைவேளையும் கேட்டார் கெசியா. மற்றப் பிரிவுகளுக்கு அது முன்பே உண்டு; நூற்பில் உள்ளவர்கள்தான் எட்டு மணி நேரமும் நின்றபடி. உற்பத்தி படுத்துவிடும் என்றார் மேலாளர். ஷிப்டுக்கு இரண்டு மாற்றாள், மூன்று ஷிப்டுக்கு ஆறு பேர், மாதம் தொண்ணூறாயிரம் என்று கெசியா தாளை நீட்டினார். மேலாளர் அதை மூன்று முறை கூட்டிப் பார்த்தார். தப்பு இல்லை.

அந்தத் தொண்ணூறாயிரத்தை ஈடுகட்ட, மில்லில் உள்ள முன்னூறு பேரும் கேட்டதில் ஆளுக்கு முன்னூறு ரூபாய் விட்டுக்கொடுக்க வேண்டும். வாயிற்கூட்டத்தில் கெசியா இதை மறைக்காமல் சொன்னார்.  தனக்கு ஒரு நிமிடம்கூடக் கூடப்போவதில்லை என்று தெரிந்தும் முதலில் கை தூக்கியது அவருடைய கோன் பிரிவுதான்.

நான்கு இயந்திரமும் தேநீர் இடைவேளையும் உறுதியாகி, ஆயிரத்து நூறுக்கு முடிந்தது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்தார்கள். சங்கத் தரப்புக்கு ஐந்து வரி. முதல் வரி எப்போதும் செயலாளருக்கு. ஐயம்பெருமாள் தாளைத் திருப்பி கெசியா பக்கம் தள்ளி, முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது உங்க இடம்லா அண்ணாச்சி."

 கெசியா கையெழுத்துப் போடும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.