கண்ணாடியைக் கழற்றாமல் பைலட் ஆவது எப்படி?

பைலட் ஆக வழி தேடுவதும் ஒரு வேலைதான். லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஊரில் வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்ட என் சக அப்பாவிகளே, உங்களுக்குத்தான் இது. நான் வளவனூர்க்காரி. விழுப்புரத்தில் ஒரு ஆன்லைன் சென்டரில் ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன்.

கணக்கு எங்கே?

பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பெண்ணை நர்சிங்குக்கு என்று அறிவியல் குரூப்பில் தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். என்னையும் தள்ளினார்கள். கணக்குப் பாடமே இல்லாத குரூப். பைலட்டுக்கு இயற்பியலோடு கணக்கும் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்க மட்டும் தனியா எழுதிப் பாஸ் பண்ணிட்டு வாம்மா, நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

ஹார்ன்

பட்டா மாற்ற வந்த முகையூர் விவசாயி ஒருவர், என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டார். "ப்ளேனுக்கு ஹார்ன் உண்டா?" என்றார். எனக்கே தெரியவில்லை! பட்டாவை அப்படியே நிறுத்திவிட்டுத் தேடினேன். உண்டாம், தரையில் நிற்கும்போது கீழே இருக்கிற ஆட்களைக் கூப்பிட மட்டும்தானாம். அவர் யோசித்தார். "அப்ப மேல போய்க்கினு இருக்கும்போது எவனாச்சும் குறுக்க வந்தா?"

பரீட்சை ஹால்

திண்டிவனத்தில் கணக்குப் பரீட்சை. பக்கத்து பெஞ்சில் வானூர்க் கட்டட மேஸ்திரி. 'நீ பன்னெண்டாவதே பாஸ் பண்ணல' என்று மகன் சொல்லிவிட்டானாம், ரோஷத்தில் எழுத வந்திருந்தார். நீ எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "மூணாவது மாடிக்கு மேல எனக்கே காலு நடுங்குது. நீ ஏறிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லும்மா."

கண் டாக்டர்

கணக்கில் பாஸ். அடுத்து சென்னையில் மருத்துவப் பரிசோதனை. இதில் தேறாவிட்டால் எல்லாம் அவ்வளவுதான். மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "கண்ணாடிய கழட்டி பைல வெச்சிக்க. மொத தபாவே கொறய காட்டாத." எங்கள் வீட்டில் பெண் பார்க்க வரும்போதெல்லாம் நடப்பதுதான் இது. நானும் புத்திகெட்டுப்போய் அப்படியே செய்தேன்.

சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையில் முதல் வரி தெரிந்தது. இரண்டாவதிலிருந்து எல்லாம் புகை. அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மா கிட்டே வந்து என் மூக்கில் இருந்த தடத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படபடவென்று படித்தேன். கண்ணாடி போட்டவர்களும் பைலட் ஆகலாமாம்! சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "நாங்க என்ன பொண்ணா பாக்க வந்திருக்கோம்? இனிமே யாருக்காகவும் இதக் கழட்டாத."

மாப்பிள்ளை வீட்டார்

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுத்த மல்லாட்டையை உரித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு வரன். கண்ணாடியோடுதான் காபி கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்து, "பொண்ணு கண்ணாடி போடுமா?" என்றார். அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆமாங்க, ப்ளேன் ஓட்டப் போற பொண்ணு. அதுக்கு எல்லாம் தெளிவாத் தெரியணும்."

ஆக, இதுவரை நான் தாண்டியது கணக்குப் பரீட்சை ஒன்று, கண் பரிசோதனை ஒன்று, மாப்பிள்ளை வீடு ஒன்று. விமானம் மட்டும்தான் பாக்கி.